ஃபேர்டிரேடா, ஆர்கானிக்கா, ரெண்டுமா, இல்ல நேரடியா ரோஸ்டர்கிட்டயா? தென் அமெரிக்க காபி வாங்கறவங்களுக்கு ஒரு ஒப்பீடு

வெளிநாட்டுல இருக்கற நம்ம ஆளுங்க அடிக்கடி கேக்கற கேள்வி இது. கடைக்குப் போனா பெரு, கொலம்பியா, பிரேசில்னு வரிசையா காபி பை அடுக்கி வச்சிருக்கான், ஒண்ணுல ஃபேர்டிரேட் முத்திரை (விவசாயிக்கு நியாய விலைங்கறதுக்கு), ஒண்ணுல ஆர்கானிக், ஒண்ணுல ரெண்டும், இன்னொண்ணுல பச்சைத் தவளை படம், இன்னொண்ணுல முத்திரையே இல்லாம ரோஸ்டர், அதாவது கொட்டையை வறுத்து விக்கறவரு, 'விவசாயிகிட்ட நேரடியா வாங்கினது'ன்னு மட்டும் போட்டு விலை எல்லாத்தையும் விட ஜாஸ்தி. எதை எடுக்கறது, குடுக்கற காசு உண்மையிலேயே அந்த மலையில இருக்கறவங்களுக்குப் போகுதா, இதான் கேள்வி.

என் முடிவை முதல்லயே சொல்லிடறேன். ரெண்டு முத்திரையும் இருந்து, எந்த கூட்டுறவுச் சங்கத்தோட காபின்னு பேரும் போட்டிருக்கற பெரு காபி, பெரும்பாலான வீட்டுக்கு அதான் சரி. ஆனா எல்லாருக்கும் இல்ல, ஏன்னு கீழ ஒவ்வொண்ணா பாப்போம்.

## எதை வச்சு எடை போடறது

நான் பாக்கறது அஞ்சு விஷயம். உலக விலை விழும்போது விவசாயிக்கு என்ன பாதுகாப்பு இருக்கு. மண்ணு, தண்ணி, மருந்து அடிக்கறவங்க உடம்பு இதெல்லாம் என்ன ஆகுது. நாம குடுக்கற கூடுதல் காசுல எவ்வளவு அங்க போய்ச் சேருது. சொல்றதை யார் செக் பண்றாங்க. கடைசியா ருசி.

முதல் விஷயம்தான் ரொம்ப முக்கியம்னு நான் நினைக்கறேன், அதனால கொஞ்சம் விலாவாரியா சொல்றேன். 1989 வரைக்கும் சர்வதேச காபி ஒப்பந்தம்னு ஒண்ணு இருந்தது, எந்த நாடு எவ்வளவு ஏத்துமதி பண்ணலாம்னு கோட்டா வச்சு விலையை ஓரளவுக்குத் தாங்கிப் பிடிச்சாங்க. அந்த வருஷம் ஜூலையில கோட்டா கைவிட்டுப் போச்சு, அதுக்கப்புறம் விலை அதும்பாட்டுக்கு ஏறி இறங்குது. 2001 கடைசியில நியூயார்க் மார்க்கெட்ல அராபிகா ரகக் காபி ஒரு பவுண்டு 50 சென்ட்டுக்கும் கீழ போச்சு. 2019 மே மாசம் 90 சென்ட்டுக்குக் கீழ. அப்புறம் பிரேசில் வறட்சியில ஏறி ஏறி, 1977ல தொட்ட ரெக்கார்டை 2024 டிசம்பர்ல உடைச்சு, 2025 பிப்ரவரியில 4 டாலருக்கும் மேல போச்சு. ஒரு ஏக்கர் ரெண்டு ஏக்கர் வச்சிருக்கற குடும்பம் இந்த ஆட்டத்துக்கு ஈடு குடுக்கவே முடியாது, ஏன்னா காபிச் செடி நட்டா பலன் வர மூணு வருஷம் ஆகும், விலை விழுந்ததுன்னு உடனே பிடுங்கிப் போட்டு வேற பயிருக்கு மாறவும் முடியாது. அப்படி மாறினவங்க கதையும் இருக்கு, பெருவுல பூனோ பக்கம் சாந்தியா பள்ளத்தாக்குல, கொலம்பியாவுல காவ்கா, நரின்யோல எல்லாம் காபி கட்டுப்படியாகாத காலத்துல கோக்கா (கொக்கேய்ன் எடுக்கற செடி) போட்டவங்க நிறைய.

ரெண்டாவது விஷயத்துல பலபேர் வச்சிருக்கற எண்ணத்தைக் கொஞ்சம் மாத்திக்கணும். ஆர்கானிக் காபி குடிச்சா நம்ம உடம்புக்கு நல்லதுன்னு வாங்கறாங்க. நாம குடிக்கறது பழத்துக்கு உள்ள இருக்கற கொட்டை, தோலு, சதை, பார்ச்மென்ட்ங்கற உள்தொலி எல்லாம் போய், அதுக்கு மேல 200 டிகிரி கிட்ட வறுபட்டு வருது, அதனால டம்ளர்ல வந்து சேர்ற மருந்து எச்சம் ரொம்பக் கம்மி. உண்மையில பலன் யாருக்குன்னா முதுகுல ஸ்பிரேயர் மாட்டிக்கிட்டு சரிவுல ஏறி இறங்கறவங்களுக்கு, கீழ ஓடையில தண்ணி எடுக்கறவங்களுக்கு. அதுக்காக வாங்கறதுன்னா வாங்குங்க, அது நல்ல காரணம்தான்.

## ஃபேர்டிரேட் மட்டும்

1988 நவம்பர்ல நெதர்லாந்துல மாக்ஸ் ஹாவலார்ங்கற பேர்ல வந்ததுதான் முதல் முத்திரை, மெக்ஸிகோவோட ஓஹாகா மலையில இருந்த உசிரி சங்கத்து காபியோட. இப்ப ஃபேர்டிரேட் இன்டர்நேஷனல் விதிப்படி, கழுவிப் பதப்படுத்தின அராபிகாவுக்கு 2023 ஆகஸ்ட்லருந்து ஒரு பவுண்டுக்கு குறைஞ்சபட்சம் 1.80 டாலர், அதுக்கு முன்னாடி 1.40தான் இருந்தது. மார்க்கெட் இதுக்குக் கீழ போனாலும் சங்கத்துகிட்ட வாங்கற வியாபாரி 1.80 குடுக்கணும், மேல போனா மார்க்கெட் விலையைக் குடுக்கணும். எப்படி இருந்தாலும் மேல 20 சென்ட் பிரீமியம். இந்த 20 சென்ட் தனி ஆள் கைக்குப் போகாது, சங்கத்துக்குப் போகும், பொதுக்குழுவுல ஓட்டுப் போட்டு ரோடா, ஸ்கூலா, காய வைக்கற மேடையான்னு முடிவு பண்ணுவாங்க, அதுல 5 சென்ட்டாவது விளைச்சலுக்கும் தரத்துக்கும் செலவு பண்ணியே ஆகணும்.

இன்னொண்ணு இருக்கு, யாரும் பேசறதே இல்ல, என் கணக்குல விலையை விடவும் முக்கியம். சங்கம் கேட்டா, வாங்கறவன் ஒப்பந்தத் தொகையில 60 சதவீதம் வரைக்கும் முன்பணம் தரணும். அறுவடை நேரத்துல பழம் பறிக்கறவங்களுக்குக் கூலி அன்னன்னைக்குக் குடுக்கணும், கையில காசு இல்லாதவன் உள்ளூர் வியாபாரிகிட்ட கடன் வாங்கி, அவன் சொன்ன விலைக்கே காபியையும் குடுத்துட்டு வருவான். அந்தப் பிடியிலருந்து வெளிய வர்றதுக்கு இந்த முன்பணம் எவ்வளவு உதவும்னு யோசிச்சுப் பாருங்க.

இப்ப குறைங்க. மார்க்கெட் 3, 4 டாலர்ல இருக்கும்போது அந்த 1.80 சும்மா நிக்குது, இன்ஷூரன்ஸ் மாதிரி, தேவைப்படாத வருஷத்துல யாருக்கும் அது கண்ணுல படாது. அதை விடப் பெரிய பிரச்சனை, விலை திடீர்னு ஏறும்போது சங்கம் முன்கூட்டியே பழைய விலைக்கு ஒப்பந்தம் போட்டிருக்கும், ஆனா ஊருக்குள்ள லாரியோட வர்ற வியாபாரி கையில ரொக்கம் வச்சுக்கிட்டு ஜாஸ்தி விலை சொல்வான், உறுப்பினர் அவனுக்கே வித்துடுவாரு, சங்கத்துக்கு சப்ளை பண்ண சரக்கு இருக்காது. 2021ல கொலம்பியாவுல முன்பேரம் பேசின காபி இப்படி பெரிய அளவுல வராமப் போய் சங்கங்கள் நஷ்டத்துல மாட்டிச்சு. விவசாயியைக் குத்தம் சொல்ல முடியாது, பத்து வருஷத்துக்கு ஒருதரம் வர்ற நல்ல விலை அது.

அப்புறம், சான்று வாங்கின சங்கம் விளைவிக்கற காபி முழுசும் ஃபேர்டிரேட் விலைக்குப் போறதில்ல. வாங்க ஆள் இருக்கற அளவுக்குத்தான் போகும், மிச்சம் சாதா விலைக்கு. ஆனா சான்றுக் கட்டணம், ஆடிட் செலவு முழுசுக்கும் உண்டு. அதனால வாங்கறவங்க ஜாஸ்தியானாத்தான் அந்த அமைப்பே அவங்களுக்குக் கட்டுப்படியாகும், நான் இதை வாங்கச் சொல்றதுக்கு இதுவும் ஒரு காரணம்.

அமெரிக்காவுல இருக்கறவங்க ஒண்ணு கவனிக்கணும், அங்க ரெண்டு தனித்தனி முத்திரை ஓடுது. ஃபேர் டிரேட் யுஎஸ்ஏ 2011 கடைசியில சர்வதேச அமைப்புலருந்து பிரிஞ்சு போச்சு, பெரிய எஸ்டேட் காபிக்கும் சான்று குடுக்கறாங்க. ஃபேர்டிரேட் இன்டர்நேஷனல்ல காபிக்கு சிறு விவசாயி சங்கத்துக்கு மட்டும்தான். எஸ்டேட் கூலிக்காரங்களுக்கும் நல்லது நடக்கட்டும்னு ஃபேர் டிரேட் யுஎஸ்ஏவோட வாதம், அதுல நியாயம் இருக்கு, ஆனாலும் எஸ்டேட்டோட போட்டி போடறப்ப சின்ன சங்கம் தாக்குப் பிடிக்கறது கஷ்டம். நான் சிறு விவசாயி பக்கம்தான் நிப்பேன்.

எப்ப இதை எடுக்கலாம்: பட்ஜெட் டைட்டா இருந்து ஒரு முத்திரைதான் கட்டுப்படியாகும்னா. ஆர்கானிக் மட்டும் இருக்கறதை விட ஃபேர்டிரேட் மட்டும் இருக்கறதுக்கு நான் முன்னுரிமை குடுப்பேன்.

## ஆர்கானிக் மட்டும்

தடை பண்ணின உரம், மருந்து எதுவும் போடாம மூணு வருஷம் காத்திருக்கணும், அப்பத்தான் அந்தத் தோட்டத்துக் காபியை ஆர்கானிக்னு விக்க முடியும். அந்த மூணு வருஷமும் விளைச்சல் குறையும், விலையோ சாதா விலை. இது விவசாயி தலையில விழற செலவு, பையில எங்கயும் எழுதியிருக்காது.

அதுக்கு அப்புறமும் வேலை ஜாஸ்திதான். களைக்கொல்லி அடிக்க முடியாதுன்னா வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவை வெட்டுக்கத்தியால களை சீவணும், அதுவும் நிக்கவே முடியாத சரிவுல. உரத்துக்கு காபிப் பழத்தோலை மக்க வச்சு, சாணம், சாம்பல் எல்லாம் சேத்துப் போடறாங்க. பெருவுல இன்னொரு வசதி உண்டு, பசிபிக் கரையோரத் தீவுகள்ல சேர்ற கடல் பறவை எச்சம், குவானோன்னு சொல்வாங்க, அதை மூட்டை மூட்டையா ஆண்டீஸ் தாண்டி காபி மலைக்குக் கொண்டு வர்றாங்க. நிழலுக்கு இங்கா மரம், அது பயறு வகை, வேர்ல நைட்ரஜனும் சேக்கும், உதிர்ற இலை மூடாக்காவும் ஆகும். காய்த்துளைப்பான் வண்டுக்கு பெவேரியாங்கற பூஞ்சையைத் தெளிக்கறாங்க, அது வண்டு மேல ஒட்டி வளந்து அதைக் கொன்னுடும். அறுவடை முடிஞ்சதும் செடியில காஞ்சு தொங்கறது, தரையில கிடக்கறது எல்லாத்தையும் ஒண்ணு விடாம பொறுக்கணும், விட்டா அடுத்த வருஷத்துக்கு வண்டு அதுலதான் தங்கும். பொறுக்கறதுக்குக் கூலி உண்டு, பொறுக்கினதுக்கு விலை கிடையாது.

பெரிய ரிஸ்க் இலைத்துரு நோய். 2013ல பெருவுல அது பரவினப்ப அரசாங்கம் அவசரநிலை அறிவிக்கற அளவுக்குப் போச்சு, திபிகா மாதிரி பழைய ருசியான ரகம் வச்சிருந்தவங்க, மருந்தும் அடிக்க முடியாதவங்க, செடியையே இழந்தாங்க. தாமிரக் கலவை ஒரு அளவு வரைக்கும் அனுமதி உண்டு, ஆனா நோய் முத்தின அப்புறம் அது போதாது.

கொஞ்சம் சாதகமும் சொல்லணும். 2021, 22ல ரசாயன உர விலை எகிறினப்ப ஆர்கானிக்காரங்க அந்த அடியிலருந்து ஓரளவு தப்பிச்சாங்க.

ஆர்கானிக் முத்திரையில இல்லாதது என்னன்னா விலைப் பாதுகாப்பு. பேரம் பேசி கூடுதலா கிடைக்கும், ஆனா இவ்வளவு கண்டிப்பா தரணும்னு விதி எதுவும் கிடையாது. கூலிக்காரங்களைப் பத்தியும் அதுல பெருசா ஒண்ணும் இல்ல. அதே மாதிரி ஆர்கானிக்னா நிழல்ல வளந்ததுன்னு அர்த்தம் இல்ல, மரமே இல்லாத வெட்டவெளியிலயும் ஆர்கானிக் காபி போடலாம். நிழலும் வேணும்னா ஸ்மித்ஸோனியன்ங்கற அமெரிக்க ஆராய்ச்சி அமைப்பு குடுக்கற பேர்ட் ஃபிரெண்ட்லி முத்திரையைத் தேடுங்க, அதுக்கு ஆர்கானிக்கும் கட்டாயம், 40 சதவீத நிழலும் கட்டாயம், குறைஞ்சது 10 வகை மரமும் இருக்கணும். கிடைக்கறது கஷ்டம், கிடைச்சா விடாதீங்க.

இப்ப ஐரோப்பாவுல இருக்கறவங்களுக்கு ஒரு மாத்தம். புது ஆர்கானிக் சட்டப்படி, சேந்து சான்று வாங்கற விவசாயிக் குழு ஒண்ணுல 2,000 பேருக்கு மேல இருக்கக்கூடாது, குழு தனியா சட்டப்படி பதிவான அமைப்பா இருக்கணும், 2025லருந்து வெளிநாட்டுக் குழுக்களுக்கும் இது அமல். பெருவுல ஆயிரக்கணக்கான உறுப்பினர் வச்சிருந்த பெரிய சங்கமெல்லாம் தன்னைத்தானே பிரிச்சுப் பதிவு பண்ண வேண்டியதாச்சு, அதுக்கு ஆகற வக்கீல் செலவு, ஆடிட் செலவு, உள்ளூர் இன்ஸ்பெக்டர் சம்பளம் எல்லாம் அவங்க தலையில. சட்டத்தோட நோக்கம் ஏமாத்து வேலையைத் தடுக்கறது, அது சரிதான், ஆனா செலவு விழற இடம் சரியில்ல.

எப்ப இதை எடுக்கலாம்: ஒரு குறிப்பிட்ட தோட்டம், ஒரு குறிப்பிட்ட சங்கம்னு பேரு தெரிஞ்சு, ரோஸ்டர் என்ன விலை குடுத்தாருன்னும் தெரிஞ்சா. பேரே இல்லாம வெறும் 'தென் அமெரிக்க ஆர்கானிக் பிளெண்ட்'னு இருந்தா நான் எடுக்க மாட்டேன்.

## ரெண்டும் சேர்ந்தது

ஃபேர்டிரேட்ல ஆர்கானிக்கா இருந்தா ஒரு பவுண்டுக்கு இன்னொரு 40 சென்ட் கட்டாயம் சேரும். அப்ப குறைஞ்சபட்ச விலை 1.80, ஆர்கானிக்குக்கு 0.40, பிரீமியம் 0.20, மொத்தம் 2.40 டாலர், பச்சைக் கொட்டைக்கு, கப்பல்ல ஏத்தற இடத்துல. ஆர்கானிக் உழைப்புக்குக் கட்டாய விலைன்னு ஒண்ணு இங்க கிடைக்குது.

இதை நம்ம பைக்குக் கணக்குப் போடுவோம். 340 கிராம் பை ஒண்ணு எடுத்துக்கங்க. வறுக்கும்போது எடை 15லருந்து 20 சதவீதம் வரைக்கும் குறையும், அதனால அந்தப் பைக்கு 410 கிராம் சுமார் பச்சைக் கொட்டை வேணும், அதாவது 0.9 பவுண்டு. ஆர்கானிக் 40 சென்ட், பிரீமியம் 20 சென்ட், ரெண்டும் சேத்து 60 சென்ட்டுன்னா இந்தப் பையில 54 சென்ட் வருது. ஒரு டம்ளருக்கு 15 கிராம் போட்டா பையில 22 டம்ளர், அப்ப டம்ளருக்கு ரெண்டரை சென்ட்.

இப்ப கடையில பாருங்க, முத்திரை இல்லாத பைக்கும் ரெண்டு முத்திரை பைக்கும் வித்தியாசம் 3 டாலர், 4 டாலர்னு இருந்தா, மிச்சம் எங்க போகுது? கொஞ்சம் லைசென்ஸ் கட்டணம், கொஞ்சம் மத்த காபியோட கலக்காம தனியா வச்சு வறுக்கற செலவு, அப்புறம் கடைக்காரன் மார்ஜின் சதவீதக் கணக்குல போடறதால கீழ ஏறின ஒவ்வொரு 50 சென்ட்டும் மேல வரும்போது ஒரு டாலரைத் தாண்டிடும். அதனால விலை வித்தியாசம் ஒரு டாலர், ஒன்றரை டாலருக்குள்ள இருக்கற பையைத் தேடுங்க, கண்டிப்பா கிடைக்கும், பல சூப்பர்மார்க்கெட்டோட சொந்த பிராண்ட்லயே கிடைக்குது, விவசாயி பக்கம் போற கட்டாயத் தொகை ரெண்டுலயும் ஒண்ணுதான்.

அந்த 2.40ம் முழுசா தோட்டத்துக்கு வராது, இதையும் தெரிஞ்சுக்கணும். சங்கம் அதுல தொலி நீக்கி தரம் பிரிக்கற செலவு, லாரி, துறைமுகம், வங்கி வட்டி, சான்றுக் கட்டணம் எல்லாம் கழிச்சுக்கும். பெருவுல வழக்கம் எப்படின்னா, காய வச்ச பார்ச்மென்ட் (உள்தொலி நீக்காத கொட்டை) கொண்டு வந்ததும் முதல் தவணை குடுப்பாங்க, வருஷக் கடைசியில கணக்குப் பாத்து மிச்சத்தைப் பிரிச்சுக் குடுப்பாங்க. சங்கம் நல்லா நடந்தா அந்த ரெண்டாவது தவணைதான் பிள்ளைங்க ஸ்கூல் ஃபீஸ். நல்லா நடக்கலன்னா ஒண்ணும் வராது. அதனாலதான் சங்கத்தோட பேரு பையில இருக்கான்னு பாருங்கன்னு சொல்றேன், பேரு போட்டா தேடிப் பாத்து எத்தனை வருஷமா நடத்தறாங்க, யாருக்கெல்லாம் விக்கறாங்கன்னு தெரிஞ்சுக்கலாம்.

எஸ்பிபின்னு ஒரு முத்திரையும் இருக்கு, லத்தீன் அமெரிக்க சிறு விவசாயிகளே சேந்து 2006ல உருவாக்கினது. கடையில அபூர்வமாத்தான் கண்ணுல படும், பாத்தா தைரியமா வாங்கலாம்.

எப்ப இதை எடுக்கலாம்: தினமும் ரெண்டு வேளை காபி குடிக்கற வீடு, ஒவ்வொரு பைக்கும் உக்காந்து ஆராய்ச்சி பண்ண நேரம் இல்ல, ஆனா செலவு பண்றது சரியா போகணும்னு நினைக்கறவங்க.

## பச்சைத் தவளை

இது ரெயின்ஃபாரஸ்ட் அலையன்ஸ்ங்கற அமைப்போட முத்திரை. 2018ல உட்ஸ்ங்கற இன்னொரு சான்று அமைப்போட இணைஞ்சாங்க. காடு அழிக்கக்கூடாது, கூலிக்காரங்களை ஒழுங்கா நடத்தணும், மருந்தைக் குறைக்கணும், இதெல்லாம் விதியில உண்டு, கூடுதலா ஒரு தொகை குடுக்கணும்னும் உண்டு, ஆனா குறைஞ்சபட்ச விலைன்னு ஒண்ணு இல்ல. விலை விழுந்தா விழுந்ததுதான். ஆபீஸ்ல மெஷின் காபி மாத்தணும், பாஸ் பெரிய செலவுக்கு ஒத்துக்க மாட்டாருன்னா சரி, முத்திரையே இல்லாததுக்கு இது எவ்வளவோ மேல். வீட்டுக்குன்னா மேல சொன்னதுங்களையே எடுங்க.

## நேரடியா வாங்கற ரோஸ்டர்

2000கள்ல அமெரிக்காவுல இன்டெலிஜென்ஷியா, கவுன்டர் கல்ச்சர், ஸ்டம்ப்டவுன் மாதிரி ரோஸ்டருங்க பிரபலப்படுத்தினது இந்த டைரக்ட் டிரேட். நல்ல ருசிக்கு நல்ல விலைன்னு விவசாயிகிட்டயே பேசி வாங்கறது. ருசின்னு பாத்தா இதுக்குக் கிட்ட எதுவும் வராது. ஃபேர்டிரேட்டும் ஆர்கானிக்கும் ருசியை அளக்கற முத்திரையே இல்ல, சொல்லப்போனா கட்டாய விலை இருக்கற ஒப்பந்தத்துக்கு சுமாரான சரக்கை அனுப்பிட்டு நல்ல சரக்கை வெளியில ஜாஸ்தி விலைக்கு விக்கற பழக்கமும் உண்டு.

ஆனா சொல்றதை செக் பண்ண யாரும் இல்ல. அந்த வார்த்தையை யார் வேணும்னாலும் பையில அச்சடிக்கலாம். அதனால ரோஸ்டர்கிட்ட மூணு கேள்வி கேளுங்க. என்ன விலை குடுத்தீங்க, அது துறைமுக விலையா தோட்டத்து விலையா? எத்தனை வருஷமா அதே ஆள்கிட்ட வாங்கறீங்க? அவரோட அறுவடையில எவ்வளவு பங்கு நீங்க எடுத்துக்கறீங்க? மூணாவது கேள்விக்குத்தான் பலரால பதில் சொல்ல முடியாது. ருசி பாத்து நூத்துக்கு 86, 87 பாயிண்ட் வாங்கற பத்து மூட்டையை மட்டும் நல்ல விலைக்கு எடுத்துட்டுப் போய், மீதி எழுபது மூட்டையை அவரு ஊர் வியாபாரிக்கே குடுக்கற நிலைமைன்னா, பையில இருக்கற அழகான குடும்ப போட்டோவுக்கும் அந்தக் குடும்பத்தோட வருமானத்துக்கும் பெரிய சம்பந்தம் இல்ல. விலையை வெளிப்படையா வருஷா வருஷம் வெளியிடற ரோஸ்டருங்க இருக்காங்க, அவங்ககிட்ட கண்ணை மூடிட்டு வாங்கலாம்.

எப்ப இதை எடுக்கலாம்: பால் இல்லாம குடிக்கறவங்க, பூர் ஓவர் (தூள் மேல வெந்நீரைக் கையால ஊத்தி வடிக்கறது) போடறவங்க, மாசம் ஒரு பை போதும்ங்கறவங்க.

## ஒரே பார்வையில

| | விலை விழுந்தா பாதுகாப்பு | மண்ணு, மருந்து | செக் பண்றது | ருசி உத்தரவாதம் |
|---|---|---|---|---|
| ஃபேர்டிரேட் | உண்டு, 1.80 டாலர் | ஓரளவு | வெளி ஆடிட் | இல்ல |
| ஆர்கானிக் | இல்ல | முழுசா | வெளி ஆடிட் | இல்ல |
| ரெண்டும் | உண்டு, 2.20 டாலர் (பிரீமியம் தனி) | முழுசா | ரெண்டு ஆடிட் | இல்ல |
| பச்சைத் தவளை | இல்ல | ஓரளவு | வெளி ஆடிட் | இல்ல |
| நேரடி | ரோஸ்டரைப் பொறுத்தது | ரோஸ்டரைப் பொறுத்தது | யாரும் இல்ல | பெரும்பாலும் உண்டு |

## நாட்டுக்கு நாடு கணக்கு மாறும்

பெரு. 2 லட்சத்துக்கும் மேல குடும்பங்க, பெரும்பாலும் 5 ஹெக்டேருக்கும் கம்மி. உரம் வாங்க வசதி இல்லாததாலயே பலர் ஏற்கனவே ரசாயனம் இல்லாமத்தான் பயிர் பண்ணிட்டு இருந்தாங்க, அதனால ஆர்கானிக் காபி ஏத்துமதியில உலகத்துல முன்னணியில நிக்கற நாடுகள்ல ஒண்ணு. விவசாயிக்கு அரசாங்கம் சார்புல விலை உத்தரவாதம் குடுக்கற அமைப்பு எதுவும் இல்ல. ஹயேன் மாதிரி ஊருக்கு மூட்டையைக் கொண்டு வந்தா வியாபாரி கையை உள்ள விட்டு ஒரு பிடி எடுப்பான், தொலியை உரிச்சு கொட்டையைக் கடிச்சு ஈரம் பாப்பான், 12 சதவீதத்துக்கு மேல ஈரம் இருக்குன்னு சொல்லி எடையில கழிப்பான், அங்கயே ரொக்கம். சங்கம் இல்லாத விவசாயிக்கு அந்தக் கழிவை எதுத்துப் பேச வழி இல்ல. அதனால ரெண்டு முத்திரையும் நல்லா வேலை செய்யற இடம் பெருதான். பியூரால இருக்கற நோராந்தினோ, ஹயேன்ல சென்ஃப்ரோகஃபே, சோல் இ கஃபே, சாஞ்சமாயோவுல லா ஃப்ளோரிடா, பூனோ பக்கம் செகோவாசா, இந்தப் பேருங்க பையில இருக்கான்னு பாருங்க.

கொலம்பியா. இங்க நிலைமை வேற. 1927ல ஆரம்பிச்ச காபி விவசாயிகள் கூட்டமைப்பு தினமும் விலை அறிவிக்கும், யார் கொண்டு வந்தாலும் அந்த விலைக்கு வாங்க கொள்முதல் நிலையம் உண்டு. 250 கிராம் பார்ச்மென்ட் சாம்பிள் எடுத்து கண்ணு முன்னாடியே தொலி நீக்கி, கெட்ட கொட்டையைப் பொறுக்கி, 70 கிலோ ஏத்துமதி மூட்டைக்கு எத்தனை கிலோ பார்ச்மென்ட் வேணும்னு கணக்குப் போட்டு விலை சொல்வாங்க, 94 கிலோங்கறது அடிப்படை. விலை கம்மியா இருக்கலாம், ஆனா எடையில ஏமாத்தறது குறைவு. அதனால கொலம்பியா காபியில ஃபேர்டிரேட் இல்லாட்டி நான் அவ்வளவு கவலைப்பட மாட்டேன். ஆர்கானிக் இங்க கம்மி, உரம் போட்டு வெயில்ல நெருக்கமா நட்ட தோட்டம் நிறைய. சியர்ரா நெவாடா மலையில அர்ஹுவாகோ பழங்குடிகள் விளைவிக்கற ஆர்கானிக் காபி கிடைச்சா அதை ஒருதரம் வாங்கிப் பாருங்க.

பிரேசில். பெரிய தோட்டம், மெஷின் அறுவடை, விலை கம்மி. மினாஸ் ஜெரைஸ்ல அறுவடை சமயத்துல அடிமைக்குச் சமமா வேலை வாங்கினதா அரசாங்க ஆய்வாளருங்க தொழிலாளருங்களை மீட்கறது வருஷா வருஷம் நடக்குது, அப்படிப் பிடிபட்ட முதலாளிங்க பேரை அரசாங்கமே பட்டியல் போட்டு வெளியிடுது, அதுல முத்திரை வாங்கின தோட்டமும் சில சமயம் இருந்திருக்கு. அதனால பிரேசில்னா சிறு விவசாயி சங்கம் பாத்து எடுங்க, போசு ஃபுந்து ஊர்ல இருக்கற கூப்ஃபாம் நல்ல உதாரணம், அங்க பொம்பளைங்க குழுவே தனியா காபி விக்கறாங்க.

பொலிவியா, எக்வடோர். அளவு ரொம்பக் கம்மி. கரனவி, லோஹான்னு ஊர்ப் பேரு பாத்தா பெரும்பாலும் சின்ன ரோஸ்டர்கிட்டத்தான் இருக்கும், விலையும் அதுக்கேத்த மாதிரி.

## நம்ம ஃபில்டருக்கு எது

டிகாஷன் போட்டு பால் ஊத்திக் குடிக்கறவங்களுக்கு பெரு மீடியம் டார்க் வறுவல் நல்லா ஒத்துப்போகும், சாக்லேட், வறுத்த கடலை மாதிரி வாசனை, புளிப்பு கம்மி, பாலுக்கு அடியில காணாமப் போகாது. கொலம்பியாவுல உய்லா, நரின்யோ காபி லைட்டா வறுத்ததுன்னா புளிப்பு தூக்கலா இருக்கும், பால் சேத்தா ஒட்டாது, அதைத் தனியா குடிக்கணும். பெரு காபியில சிக்கரி சேக்கறதுன்னா நம்ம ஊரு பொடியில சேக்கற அளவுக்கு வேணாம், பத்துல ஒரு பங்கு போதும்.

அரைக்கறது எஸ்பிரெஸோவை விட கொஞ்சம் கொரகொரப்பா. கடையில அரைச்சு வச்ச பை வாங்காதீங்க, அது பெரும்பாலும் டிரிப் மெஷினுக்கு அரைச்சது, நம்ம ஃபில்டர்ல தண்ணி சர்ருன்னு இறங்கி டிகாஷன் நீர்த்துப் போகும்.

கடைசியா தேதி. பெருவுல அறுவடை ஏப்ரல்லருந்து செப்டம்பர் வரைக்கும், கப்பல் ஏறி, வறுபட்டு கடைக்கு வர்றது பெரும்பாலும் நவம்பருக்கு மேல. டிசம்பர்லருந்து மே வரைக்கும் பெரு காபி நல்லா இருக்கும், அதுக்கப்புறம் ஆகஸ்ட், செப்டம்பர்ல வாங்கறது போன வருஷத்துக் கொட்டை, அட்டைப்பெட்டி வாசனை லேசா வர ஆரம்பிச்சிருக்கும். அந்த மாசங்கள்ல வடக்கு கொலம்பியா பக்கம் போனீங்கன்னா, அங்க மெயின் அறுவடை அக்டோபர்லருந்து ஜனவரி, அதனால அது பெரு காபியை விடப் புதுசா இருக்கும்.